மணல்திட்டில் ஒரு பகல்

எங்கள் நான்கு பேரில் பாய்மரப் படகு ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தூத்துக்குடிக்காரர். கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்காக போர்ட் பிளேருக்கு வந்து, ஹேவ்லாக் தீவில் பிறந்து வளர்ந்த ஒரு வங்காளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் என் மேஜைக்கு அடுத்த மேஜை. என்னைவிட மூத்தவள். அதனால் எனக்கு அவள் தீதி, வங்காளியில் அக்கா. தமிழைப் புருஷனிடமே கற்றுக்கொண்டாள். ஒரு வங்காளியின் வாயிலிருந்து தூத்துக்குடித் தமிழ் வருவதை முதல் முறை கேட்பவர்கள் தாங்கள் பேச வந்ததை மறந்துவிடுவார்கள். யாரிடம் 'என்னல', 'வால' என்று 'ல' போட்டுப் பேசலாம், யாரிடம் பேசக் கூடாது என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான்காவது ஆள் என் கணவர்.

படகு சுனாமியின் மிச்சம். உலகம் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரருடையது. அன்றைய அலையில் ஜெட்டித் தூணில் மோதி, விலா கிழிந்து, கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஊருக்குப் போன அவர் திரும்பி வரவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்த அண்ணன் ஒருநாள் அவருக்குக் கடிதம் எழுதினார். உனக்குச் சரிசெய்யத் தெரிந்தால் எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. பிறகு நான்கு வருடம் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. முன்பக்கப் பாயை அபர்டீன் பஜாரில் கல்யாணப் பந்தல் துணி தைக்கும் கடையில் கொடுத்துத் தைத்தார். கைப்பழக்கத்தில் தையல்காரர் அதன் ஓரத்தில் நீலத் துணியால் வளைவு வளைவாக ஒரு பார்டர் வைத்துவிட்டார். பிரித்து மாற்ற அண்ணனுக்கு மனம் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு கல்யாணப் பந்தல் கடலில் நகர்ந்து போவது போலத்தான் இருந்திருக்கும்.

படகின் அடியில் குட்டையான இரண்டு கட்டைகள் இருந்தன. தரைதட்டினாலும் சாயாது, இரண்டு காலில் நிற்கும் என்று அண்ணன் சொல்வார்.

என் கணவர் நிக்கோபாரின் கச்சால் தீவில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு இவர் மட்டும் போர்ட் பிளேர் வந்தார். எங்கள் அலுவலகத்துக்கு நிவாரணப் படிவங்களோடு பல முறை ஏறி இறங்கினார். அப்படித்தான் பழக்கம். குடும்பத்தில் இறந்தவர்கள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: தம்பி, வயது இருபது. அந்தத் தம்பியைப் பற்றி அந்த வரிக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கல்யாணமாகி டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வீடு எடுத்து மூன்று வருடம் குடித்தனம் செய்த பிறகும் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம்.

அவர் கடலைக் கண்டு பயப்படுகிறவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தூண்டில் போடப் போவார். கச்சாலுக்குக் கப்பலில் போகும்போது நாள் முழுக்க டெக்கில் நின்று தண்ணீரையே பார்ப்பார். அதனால் அண்ணன் ஒருநாள், "மாப்ள, பாயிலயே ஹேவ்லாக் வர போய்ட்டு வருவோம். மூணு நாளு லீவு போடுங்க. வாரியளா?" என்று கேட்டபோது, யோசிக்காமல் சரி என்றார்.

அது ஒரு பிப்ரவரி மாதம். சுனாமி வந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

விடியும்போதே ஜங்லிகாட் துறையிலிருந்து கிளம்பினோம். ராஸ் தீவைத் தாண்டியதும் அண்ணன் பாயை ஏற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். எத்தனையோ முறை கப்பலில் போயிருக்கிறேன். எஞ்சின் சத்தம் இல்லாத கடலில் ஒருநாளும் இருந்ததில்லை. சத்தம் நின்றதும் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. கயிறு மரத்தில் தட்டுவது. துணி காற்றை வாங்கி விறைப்பது. படகின் மூக்கு தண்ணீரைக் கிழிக்கும்போது வரும் சத்தம், யாரோ பக்கத்து அறையில் பட்டுப்புடவையை மடிப்பது போல.

வாடைக் காற்று எதிரில் அடித்தது. நேராகப் போக முடியாது. ஒரு பக்கமாகச் சரிந்து வெகுதூரம் போய், பாயை மறுபக்கம் திருப்பி, அந்தப் பக்கமாகச் சரிந்து வெகுதூரம். நீல் தீவு ஒரு முறை இடது கைப்பக்கம் தெரிந்தது, ஒரு முறை வலது கைப்பக்கம். மதியம் வரை அது கொஞ்சமும் பெரிதாகவில்லை. எனக்கு அவசரமும் இல்லை. எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் பாயின் நிழலில் ஒரு பக்கமாகப் படுத்தேன். காதுக்குக் கீழே விரல் கனத்துப் பலகை, அதற்குக் கீழே ஓடும் தண்ணீர். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலையில், நான் படகில் போகவில்லை, தண்ணீர்தான் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் என் கணவர் அதே இடத்தில் அமர்ந்திருந்தார். அண்ணன் சொன்ன கயிற்றை இழுத்தார், விடச் சொன்னபோது விட்டார். முகம் வெயிலில் கறுத்து, லேசாகச் சிரித்தபடி இருந்தது. இந்த மனிதரை நான் இவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததே இல்லை என்று நினைத்தேன்.

அன்று நீல் தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டு, இருட்டியதும் படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை காற்றே இல்லை என்று சொல்லலாம். கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. ஹேவ்லாக் எதிரே நீலமாகத் தெரிந்தது. மனிதர் நடக்கும் வேகத்தில்தான் படகு நகர்ந்தது. தீதி சுக்கானைப் பிடித்திருந்தாள். அண்ணன் தேநீர் போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்.

அப்போதுதான் பக்கத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு கேட்டது.

சுருட்டிய மெத்தை போல ஒரு சாம்பல் நிற உடல் தண்ணீருக்கு மேல் வந்தது. இரண்டு மூக்குத் துவாரங்கள் திறந்தன, மூடின. அப்படியே கீழே இறங்கியது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அது அடித்தரையில் புல்லை மேய்ந்தபடி போவதும், அது போன வழியில் சேறு மேகம் போலக் கிளம்புவதும் தெரிந்தன.

"ஆவுளியா!" என்றார் அண்ணன், குரல் வெளியே வராமல். கடல்பசுவுக்கு அவர் ஊர்ப் பக்கத்து மீனவர்கள் சொல்லும் பெயர் அது. "எங்க ஊர்க் கடல்ல சின்னப் பிள்ளையில இருந்து கேட்டதுதான். உசுரோட இன்னைக்குத்தான் பாக்கேன்."

"பின்னாடியே போவட்டா?" என்று கேட்டாள் தீதி.

யாரும் பதில் சொல்லவில்லை. அதுவே சம்மதம். அது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தது, எங்களைப் பொருட்படுத்தாமல் மூச்சு விட்டது, மறுபடி கீழே போனது. நாங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தேநீரைக் குடிக்க மறந்து, மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் பின்னால் போவது போலப் போனோம். எங்கள் படகின் நிழல் கீழே மணலில் கூடவே வந்தது. பாயின் வளைவு பார்டர்கூட அந்த நிழலில் தெரிந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்தேனே தவிர, நிழல் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் தரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கவில்லை.

இடிக்கவில்லை, குலுங்கவில்லை. மெத்தையில் உட்காருவது போலப் படகு மணலில் உட்கார்ந்தது. ஆவுளியா மட்டும் தன் வழியில் போய்விட்டது.

அண்ணன் எஞ்சினைப் போட்டுப் பின்னால் இழுத்துப் பார்த்தார். சேறு கலங்கியதுதான் மிச்சம். மூங்கிலை ஊன்றி நானும் என் கணவரும் தள்ளினோம். அசையவில்லை. அண்ணன் வரைபடத்தை எடுத்து வந்து விரித்தார். அதில் அந்த இடத்தில் நல்ல ஆழம் காட்டியிருந்தது.

"சுனாமிக்கு முந்திப் போட்ட படம்" என்றார். "மணலு எடம் மாறிட்டு. தப்பு எம்மேலதான், பாத்து ஓட்டிருக்கணும். வத்தமும் ஆரம்பிச்சிட்டு. இனி தண்ணி முழுசா எறங்கித் திரும்பி ஏறுனாத்தான் கெளம்ப முடியும். சாயங்காலம் நாலு மணி ஆவும்."

"அரே, அப்ப சோறு ஆக்குவோம்ல" என்றாள் தீதி.

தீதி அவ்வளவு எளிதாகச் சொன்னதும் எனக்கும் பதற்றம் போய்விட்டது. கரை பக்கம்தான். காற்று இல்லை. படகு அண்ணன் சொன்னபடியே இரண்டு காலில் நின்றது. நாங்கள் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கடல் வற்றுவதைப் பார்த்தோம்.

அதை எப்படிச் சொல்வது? தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால், முன்பு இல்லாத ஒரு மணல் மேடு அங்கே இருந்தது, ஈரமாக, வெள்ளியாக. பிறகு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. சின்னச் சின்னக் குளங்கள் மிஞ்சின. ஒவ்வொரு குளத்திலும் ஒரு துண்டு வானம். பவளப் பாறைகளின் தலைகள் பழுப்பாக வெளியே வந்தன. பதினொரு மணிக்கு எங்களைச் சுற்றிலும் ஒரு மைதானம் அளவுக்குத் தரை இருந்தது. கடல் நடுவில், யாரும் நடந்திராத தரை.

அண்ணன் முதலில் ஏணியைப் போட்டு இறங்கினார். தீதி குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஜாருக்குப் போகிறவள் போல, மணலில் தூரமாக நடந்துபோனாள். கானலில் அவள் உருவம் நடுங்கியது. ஒரு கணம் கால் தரையில் படாமல் மிதப்பது போல, மறு கணம் குடை மட்டும் தனியாகப் போவது போல. அங்கிருந்து கத்தினாள்: "தங்கச்சி! எறங்கி வாயேன்! நட்சத்திர மீன், இவ்வளவு பெரிசு!"

நான் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது மேலே என் கணவரின் குரல் கேட்டது.

"எறங்காத."

திரும்பிப் பார்த்தேன். அவர் நடுமரத்தை ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பார்வை என் மேல் இல்லை. தண்ணீர் போன திசையில், வெகுதூரத்தில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"என்னங்க?"

"மேல ஏறு. அவங்களையும் ஏறச் சொல்லு." பிறகு, நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்: "ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க! ஓடியாங்க!"

அந்தத் திறந்தவெளியில் அந்தக் குரல் எங்கும் மோதாமல் போய்க்கொண்டே இருந்தது. தீதி குடையோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்னல ஆச்சு?" என்று கேட்டாள். அண்ணன் கையிலிருந்த சிப்பியைப் போட்டுவிட்டு என் கணவரின் முகத்தைப் பார்த்தார். உடனே தீதியைக் கைகாட்டி அழைத்தார். இருவரும் ஓடிவந்து ஏறினார்கள்.

"ஏறிட்டோம் மாப்ள" என்றார் அண்ணன். "பாருங்க, நாலு பேரும் மேலதான் இருக்கோம்."

என் கணவர் தலையசைத்தார். மரத்தை விடவில்லை. சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் விட்டு, கடல் தினமும் இரண்டு தடவை இறங்கி ஏறுவதைப் பற்றி மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றார் என் கணவர். "இது பாட்டா, நீங்க சொல்ற வத்தம். தெனமும் நடக்கறது. புத்திக்குத் தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது."

தீதி எழுந்து, சமையலைப் பார்க்கிறேன் என்று கீழே இருந்த சின்ன அறைக்குள் போனாள். அண்ணனும் பின்னால் போனார். கீழே ஸ்டவ் எரியும் சத்தம் கேட்டது. மேலே நாங்கள் இருவர் மட்டும். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் அந்த வெள்ளித் தரை, குளங்கள், அசைவே இல்லாத வெயில். எனக்கு அது அப்போதும் அழகாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அவராகவே பேசினார். என்னைப் பார்த்து இல்லை. மணலைப் பார்த்து.

"இப்பிடித்தான் இருந்துச்சு. இதே மாதிரி."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"பூமி ஆடி முடிஞ்சதும் நான் தம்பியத் தேடிக் கடல் பக்கம் ஓடுனேன். அவன் காலையிலயே அங்க போயிருந்தான். நான் மேல ரோட்டுல நிக்கிறேன். கீழ அவன் இருக்கான், இன்னும் நாலஞ்சு பேரு. கடலு அப்பிடியே உள்ள போயிருச்சு. மீனெல்லாம் தரையில துள்ளுது. அவ்வளவு மீனு. எல்லாரும் சிரிக்கிறோம். பூமி ஆடுனதுல உசுரு தப்புன சந்தோஷம் வேற." மரத்தைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார். "அவன் மேல என்னயப் பாத்து, 'அண்ணே, போவட்டா?'ன்னு கேட்டான்."

கீழே பாத்திரம் ஒன்று எதிலோ தட்டியது. பிறகு ஓசை இல்லை. அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

"நான், 'போடா, பெருசாப் பாத்து எடு'ன்னேன்."

நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது ஐஸ் போல இருந்தது, அந்த வெயிலில். ஆறு வருடமாக இந்த வார்த்தைகளை இவர் எங்கே வைத்திருந்தார்? காலையில் சட்டை போடும்போது, பஸ்ஸில் போகும்போது, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது எங்கே வைத்திருந்தார்? உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்வது மிகவும் எளிது, அதனால் சொல்லவில்லை.

அண்ணன் கீழேயிருந்து தலையை நீட்டினார்.

"மாப்ள, நான் ஒரே ஒரு தடவ எறங்கி அந்த மூங்கில ஊனிட்டு வந்துரட்டா? தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பாக்கதுக்கு. நீங்க சொன்னாத்தான் எறங்குவேன்."

என் கணவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அடிவானம் வரை ஒருமுறை பார்த்தார்.

"பக்கத்துலயே ஊனுங்க" என்றார்.

தீதி அந்த மூங்கிலில் துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு சாண் இடைவெளியில் மாட்டிக் கொடுத்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, மறுபடி சிவப்பு. அண்ணன் இறங்கி, ஏணியிலிருந்து பத்தடி தூரத்தில் அதை ஊன்றிவிட்டு உடனே ஏறிவந்தார். சோறும் பருப்பும் பொரித்த மீனும் வந்தன. என் கணவர் மீனைத் தொடவில்லை. தீதி எதுவும் கேட்காமல் அவர் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

ஒரு மணி வாக்கில் தண்ணீர் திரும்பியது.

அலையாக வரவில்லை. முதலில் மணலின் வரிகளுக்கு நடுவே நூல் நூலாக ஒரு மினுக்கம். நூல்கள் சேர்ந்து நாடா ஆயின. ஒரு குளம் இன்னொரு குளத்தைத் தொட்டது. காய்ந்துபோன ஒரு சிப்பி மிதந்து, ஒரு அங்குலம் நகர்ந்து, நின்றது. நண்டுகள் ஓடவில்லை, நடந்து போயின. என் கணவர் மூங்கிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் அதையே பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நான்கு பேரும் ஒரு மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் மெல்லச் சாய்ந்து தண்ணீர் தேன் நிறமானது. நான் இடையில் தூங்கினேனோ என்னவோ, அந்த மதியத்தை நினைத்தால் அது ஒரே ஒரு நீண்ட மூச்சு போலத்தான் ஞாபகம் வருகிறது.

"செவப்பு முங்கிருச்சு" என்றார் அவர்.

வெகுநேரம் கழித்து, "மஞ்சள்."

பிறகு எழுந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தார். யாரிடமும் சொல்லாமல் ஏணியில் இறங்கினார். கடைசிப் படியில் நின்று ஒரு காலை நீட்டி, குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது போலத் தொட்டார். பிறகு இறங்கி நின்றார். நானும் பின்னால் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. நான் கையை இழுக்கவில்லை.

"சூடா இருக்கு" என்றார், ஆச்சரியமாக.

வெயிலில் காய்ந்த மணலின் மேல் ஊர்ந்து வந்த தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

"அன்னைக்குத் தண்ணி எப்பிடி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் மேட்டுல ஓடிட்டேன். என்னய அது தொடவே இல்ல."

படகைச் சுற்றி ஒரு முறை நடந்தோம். ஒரு பக்கம் அதன் பழைய காயம் தெரிந்தது, அண்ணன் ஒட்டுப்போட்ட இடம், கொஞ்சம் வேறு வெள்ளையில். என் கணவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். அப்போதுதான் அழுதார். சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. மேலே அண்ணனும் தீதியும் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து, பாயைப் பற்றி ஏதோ பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மணிக்குச் சற்று முன் படகு ஒரு முறை நடுங்கியது, உறங்கும் மாடு தோலைச் சிலிர்ப்பது போல. இன்னொரு முறை. பிறகு மிதந்தது. எங்கிருந்தோ கொஞ்சம் காற்றும் வந்தது. சூரியன் விழும் நேரத்துக்கு ஹேவ்லாக் வந்து சேர்ந்தோம். தீதியின் அம்மா வீட்டில் சாப்பிட்ட கையோடு என் கணவர் படுத்தார். மறுநாள் பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. தீதியின் அம்மா இரண்டு முறை வாசலில் வந்து எட்டிப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை, தூங்குகிறார் என்றேன்.

அன்று நாங்கள் ஹேவ்லாக்கிலேயே இருந்துவிட்டோம். அலுவலகத்துக்குப் போன் செய்து லீவை ஒருநாள் நீட்டினோம். திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். வளைய வேண்டியதில்லை, திருப்ப வேண்டியதில்லை. பந்தல் துணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது. அன்று பாதிக்கு மேல் சுக்கானைப் பிடித்தது என் கணவர்தான். "மாப்ள கை நல்ல கை" என்று அண்ணன் சொல்ல, "சும்மா சொல்லாதீங்க, நேரா போவுது, யார் புடிச்சாலும் போவும்" என்றார் அவர். சிரித்தார். பிறகு மறுபடி தண்ணீரையே பார்த்தார். அவர் சரியாகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பகலில் சரியாகும் காரியமில்லை அது. ஆனால் இப்போது அதை அவர் மட்டும் தனியாகச் சுமக்கவில்லை, நாங்களும் கூட இருந்தோம்.

அந்த வருட மழைக்காலத்தில் என் மாமியார் கண் ஆபரேஷனுக்காகக் கச்சாலிலிருந்து கப்பலில் வந்தார். ஒரு மாதம் எங்களோடு இருந்தார். ஒருநாள் காலை சமையலறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்ததால் கையால் தடவித் தடவித்தான் கிள்ளினார். என் கணவர் வேலைக்குக் கிளம்பி வாசல்வரை போனவர், திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

"ம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். படகில் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். அண்ணே, போவட்டா. போடா, பெருசாப் பாத்து எடு.

அத்தையின் கை நின்றது. நான் அடுப்பைச் சிறிதாக்கினேன். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை அழப்போகிறார் என்று நினைத்தேன், அல்லது மகனைத் திட்டப்போகிறார் என்று. அவர் மகன் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கொழம்புக்கு மீனு இல்லன்னு அவன அனுப்புனதே நான்தான்டா" என்றார். "ஞாயித்துக்கெழம. அவன் அசந்து தூங்கிக்கிட்டு இருந்தான். நான்தான் எழுப்பி அனுப்புனேன்."

என் கணவர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு இது தெரியாதேம்மா."

"நான் யாருகிட்டடா சொல்லுவேன்? ஒங்கப்பாகிட்ட சொல்ல முடியுமா?" அத்தை முந்தானையால் திறந்திருந்த கண்ணைத் துடைத்தார். "நீயும் நானும் சொன்னதாலயா கடலு வந்துச்சு? அது பாட்டுக்கு வந்துச்சு. வா, இங்கிட்டு வா."

அவர் நகர்ந்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அத்தை அவர் தலையைத் தடவித் தேடி, தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அங்கே நிற்கலாமா, போய்விட வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். அத்தையே கூப்பிட்டார். "நீயும் வாம்மா. இது இன்னும் பாதி கெடக்கு."

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. மூன்று பேருமாக உட்கார்ந்து கீரையை ஆய்ந்து முடித்தோம்.